இருபத்தெட்டாம் நாள்

நாற்பது வெள்ளிக்குப் பூச்செண்டு வாங்கிக்கொண்டு
மண்டாய்க்குப் போனேன்.
சட்டத்துக்குள் இருந்த முகம்
யாருடையதென்று ஒரு நொடி தெரியவில்லை.

எனக்கு மட்டுமல்ல.
மீன்கடைத் திருமதி கோவும் குனிந்து பார்த்துவிட்டு
"இவர்தானா?" என்று மலாயில் கேட்டார்.
பத்தொன்பது வருடம் போயிருக்கிறோம் அவரிடம்.
இருட்டறை. மோவாயை ஏந்தும் குளிர்ந்த தட்டு.
ஒரு கீற்று வெளிச்சம்.
அதற்கப்பால் கிராம்பு வாசனையோடு ஒரு மூச்சு.
அவ்வளவுதான் எங்களுக்கு டாக்டர் பூரணம்.
அவர் எங்கள் கண்ணின் அடிவரை போய்வந்தவர்.
நாங்கள் விரிந்த பாவையோடு வெளியே வருவோம்;
தோ பாயோ முழுக்கப் பால் கொட்டியதுபோல் இருக்கும்.

"மேல பாருங்கோ. கீழ. என்ர காதைப் பாருங்கோ."
ஹொக்கியனிலும் மலாயிலும் கான்டனீஸிலும்
இந்த மூன்று வாக்கியம் பிழையில்லாமல் வரும்.
மற்றதெல்லாம் பிழைதான், சிரிப்போம்.

நான் இரட்டை மாடிப் பேருந்து ஓட்டினேன்.
கண்ணில் அழுத்தம் என்றார்கள். வலியில்லை.
தோசையைப் பிய்க்கும் பிள்ளைபோல
ஓரத்திலிருந்துதான் தின்னத் தொடங்குமாம்.
வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை விட்டு
புள்ளி மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும்.
ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால்
இயந்திரம் மெல்ல ஒரு 'டிக்' சொல்லும்.
இன்ஜின் சத்தத்திலேயே கோளாறு கண்டுபிடிப்பவன் நான்.
தெரியாத புள்ளிக்கும் அழுத்தினேன்.

தாளை வெகுநேரம் பார்த்தார்.
"நீங்கள் காதால பார்க்கிறீங்கள், மாணிக்கவேலு."

படிவம் மேசையில் கிடந்தது. கையெழுத்துப் போடவில்லை.
மூத்தவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்த மாதம்.
கெஞ்சினேன். பிறகு திட்டினேன்,
என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது.
பேனாவை மூடி வைத்தார்.
"இடப்பக்கத்தால ஒரு பிள்ளை இறங்கி வந்தால்
உங்களுக்கு அது இல்லை."
தெரியாது என்று சொல்லவில்லை.
இல்லை என்றார்.

டிப்போவில் பேருந்து கழுவப் போனேன்.
அடுத்த மாதம் சொட்டு மருந்துக்குப் போய் உட்கார்ந்தால்
ஒன்றுமே நடக்காதது போல
"மேல பாருங்கோ."

மண்டாயில் தாதி லில்லி
காகிதக் குவளையைச் சுழற்றியபடி சொன்னார்:
அதே ஆண்டு ஆகஸ்டில்
அறுவை அறையில் டாக்டரின் கை ஒருமுறை நடுங்கியதாம்.
யாரும் கவனிக்கவில்லை.
நோயாளி ஏழாம் நாள் பேப்பர் படித்தார்.
அன்று மாலையே கடிதம் கொடுத்துவிட்டாராம்,
இனிக் கத்தியைத் தொட மாட்டேன் என்று.
வயது ஐம்பத்தெட்டு.
"கையெழுத்து நல்லா நேராத்தான் இருந்தது" என்றார் லில்லி.

பதினேழு வருடம்
என் ஒருவன் படிவத்தைத்தான் மறுத்தார் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேச வந்தவர்கள் கணக்குச் சொன்னார்கள்:
இங்கே இத்தனை ஆயிரம் கண்,
பாத்தாமில் ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தனை.
என் மனசில் கணக்கில் வராத ஒன்று ஓடியது:
நான் இடிக்காத அந்தப் பிள்ளை.
எந்த நிறுத்தம் என்று தெரியாது.
இருபது வயதிருக்கும் இப்போது.
தேசிய சேவைக்கு மொட்டையடித்துக்கொண்டு
எங்கோ ஒரு காப்பிக்கடையில்
கோழிச்சோற்றுக்கு மிளகாய் போதவில்லை என்று
முணுமுணுத்துக்கொண்டிருப்பான்.
பூரணம் என்ற பெயரே கேட்டிருக்க மாட்டான்.

வீட்டில் குளிர்பெட்டியில் ஒரு குப்பி.
முதல் சொட்டை அவரே விட்டு
தேதியும் அவரே எழுதித் தருவார்.
நீல மை, ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு.
இருபத்தெட்டு நாள். அதற்குமேல் ஒரு சொட்டும் ஆகாது.
நேற்றோடு முடிந்தது.
பாதி மருந்து மிச்சம்.
"அந்த எழுத்துக்காகவாவது வைச்சுக்குங்களேன்" என்றாள் மனைவி.

சமையலறைக் குப்பைக்குழாயைத் திறந்து போட்டேன்.
பதினொரு மாடி.
அது விழுந்துகொண்டே இருந்ததைக்
காதால் பார்த்தேன்.